எல்லே தெரிந்தால் போதும்: பழைய பேஸ்போல் படங்களைச் சேர்க்கத் தொடங்குவது எப்படி

சித்திரை வருடப்பிறப்பு வந்தால் எங்கள் பக்கத்து மைதானத்தில் எல்லே நடக்கும். மூங்கில் தடி, டென்னிஸ் பந்து, அடிக்க மூன்று தரம் வாய்ப்பு, பட்டதும் ஓட்டம், ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட்டுவிட்டால் அவன் அவுட். என் மாமா இளமையில் பெரிய அடிகாரர். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் தடியில் பந்து படும் சத்தத்தை வைத்தே அது வேலிக்கு அங்கால போகுமா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஒரு மார்கழி மழைநாள், கரண்ட் வந்து போய்க்கொண்டிருந்த நேரம், மடிக்கணினியில் 1950-இல் வந்த 'த ஜாக்கி ராபின்சன் ஸ்டோரி' படத்தைப் போட்டேன். மாமாவுக்கு பேஸ்போல் விதி ஒன்றும் தெரியாது, ஆங்கில வசனமும் பாதிதான் பிடிபட்டிருக்கும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், திரையில் ஒருவன் பேஸ் என்ற தரிப்பிடத்தை நோக்கிச் சறுக்கி விழுந்து எழும்பியதும், "இவன் நடிக்கல்ல மனே, இவன் விளையாடுறான். மறுகா ஒருக்காப் போடு, அந்த ஓட்டத்தப் பாப்பம்" என்றார்.

மாமா சொன்னது சரி. அந்தப் படத்தில் ஜாக்கி ராபின்சனாக வருவது ஜாக்கி ராபின்சனே. 1947 ஏப்ரல் 15-ஆம் திகதி புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, அமெரிக்காவின் உச்சப் பேஸ்போல் போட்டியான நவீன மேஜர் லீக்கில், கறுப்பினத்தவரை ஆடவிடாத நிறத்தடையை உடைத்த அதே மனிதர். 1949-இல் அதன் ஒரு பிரிவான தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கிய கையோடு, மறு வருடம் தன் கதையில் தானே நடித்தார். வசனம் பேசும் இடங்களில் கொஞ்சம் கூச்சம் தெரியும். ஓடத் தொடங்கினால் அந்தக் கூச்சம் எங்கே போனதென்று தெரியாது.

அன்றைக்கு மாமா சொன்ன வார்த்தைதான் இன்றுவரை என் சேகரிப்புக்கு அளவுகோல். ஒரு பிலிம் ரீலோ, தியேட்டரில் வைக்கும் காட்சி அட்டையான ஒரு லொபி கார்ட்டோ, ஒரு போஸ்டரோ கையில் வந்தால் முதலில் இரண்டு கேள்வி கேட்பேன்: இதில் உண்மையாக விளையாடியவர் யார், இது எந்த மைதானம்? இரண்டுக்கும் பதில் இருந்தால் விலை கேட்பேன், இல்லாவிட்டால் வைத்துவிடுவேன். நீங்களும் இங்கிருந்தே தொடங்கலாம், மட்டக்களப்பில் இருந்தாலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்தாலும் சரி.

இந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது

1942-இல் வந்த 'த பிரைட் ஒஃப் த யாங்கீஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயோர்க் யாங்கீஸ் அணியின் லூ கெரிக் என்ற வீரரின் கதை. தொடர்ச்சியாக 2,130 ஆட்டம் ஆடிய மனுசன், தசைகளை உருக்கும் நோய் வந்து 1941-இல் காலமானார். அவராக கெரி கூப்பர் நடித்தார், ஆனால் அதே அணியின் பெரிய அடிகாரர் பேப் ரூத்தாக வருவது பேப் ரூத்தேதான், கூடவே கெரிக்குடன் உண்மையாக விளையாடிய பில் டிக்கி, பொப் மியூசல் போன்றவர்களும் அவரவராகவே வருகிறார்கள். 1939 ஜூலை 4-ஆம் திகதி யாங்கீ ஸ்டேடியத்தில் கெரிக் பேசிய பிரியாவிடைப் பேச்சின் அசல் செய்திப்படத்தில் சில துண்டுகள் மட்டுமே இன்று மிஞ்சியிருக்கின்றன. அதனால் இந்தப் படத்தில் வரும் பேச்சைத்தான் பெரும்பாலானவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள், அதுவும் அசலிலிருந்து கொஞ்சம் மாற்றி எழுதப்பட்டது.

கெரிக் இடக்கைக்காரர், கூப்பர் வலக்கைக்காரர். அதனால் சட்டையில் எழுத்தைத் தலைகீழாகத் தைத்து, அடித்தபின் முதலாம் பேஸுக்குப் பதில் மூன்றாம் பேஸ் பக்கம் ஓடவிட்டு, பிறகு பிலிமைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பி அச்சிட்டார்கள் என்று ஒரு கதை வெகுகாலமாக உலாவுகிறது. பிற்காலத்தில் படத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்து ஆராய்ந்தவர்கள், கூப்பர் உண்மையில் இடப்பக்கமாக அடிக்கப் பழகியிருந்தார் என்றும், பெரும்பாலான காட்சிகளில் அந்தத் திருப்பல் இல்லை என்றும் காட்டினார்கள். லெஃப்டி ஓடூல் என்ற முன்னாள் வீரர்தான் அவரைப் பழக்கியவர். ஒரு காட்சிப் படம் கையில் இருந்தால் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம், பின்னால் விளம்பரப் பலகையின் எழுத்து நேராக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். எனக்கு அப்படி ஒரு கார்ட்டோடு ஒரு முழுப் பின்னேரம் போயிருக்கிறது.

அப்புறம் மைதானங்கள். ராபின்சன் விளையாடிய எபெட்ஸ் ஃபீல்ட் 1960-இல் இடிக்கப்பட்டது. 1951-இல் வந்த 'ஏஞ்சல்ஸ் இன் தி அவுட்ஃபீல்ட்' படத்தில் பிட்ஸ்பேர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் முழுசாக இருக்கிறது, அந்த மைதானம் 1971-இல் போய்விட்டது. லொஸ் ஏஞ்சலிஸில் ரிக்லி ஃபீல்ட் என்று ஒன்று இருந்தது, ஸ்டூடியோக்களுக்குப் பக்கத்தில் என்பதால் எத்தனையோ படங்களில் வேறு வேறு ஊர் மைதானமாக வேஷம் போட்டது, அதுவும் 1969-இல் தரைமட்டம். படம் எடுத்தவர்கள் கதையைத்தான் எடுத்தார்கள், ஆனால் பின்னணியில் தகரக் கூரை, மரப் பலகை இருக்கை, தொப்பி போட்ட கூட்டம், புல்லில் விழும் பின்னேர நிழல் எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிட்டது. ஊரில் படம் காட்டிய பழைய தியேட்டர்கள் மூடப்பட்டதையும், 1978 நவம்பர் 23 சூறாவளியிலும் 2004 டிசம்பர் 26 கடல்கோளிலும் வீட்டுப் படங்கள் மொத்தமாகப் போனதையும் கண்ட நமக்கு, இல்லாமல் போன ஓரிடம் ஒரு பிலிம் துண்டில் அசைவதன் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, இது உங்கள் பையைப் பாதிக்கும். பேஸ்போல் படத்துக்குப் பின்னால் இரண்டு கூட்டம் நிற்கிறது: பேஸ்போல் சாமான் சேர்ப்பவர்கள் ஒரு பக்கம், சினிமாச் சாமான் சேர்ப்பவர்கள் மறுபக்கம். பேப் ரூத்தின் முகம் உள்ள ஒரு கார்ட்டை இரண்டு கூட்டமும் கேட்கும், விலை ஏறும். அதே படத்தில் கதாநாயகியும் தாயும் வீட்டுக்குள் பேசும் காட்சியை இரண்டு கூட்டமும் தேடாது. நம்மைப் போலத் தொடங்குகிறவர்களுக்கு வழி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வாங்க முதல் பாருங்கள்

ஒரு சதமும் செலவழிக்காமல் குறைந்தது ஆறு படமாவது பாருங்கள். 'த ஜாக்கி ராபின்சன் ஸ்டோரி' அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாமல் பொதுவுடைமை ஆகிவிட்ட படம், இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பேப் ரூத் இளைஞராக நடித்த 1920-ஆம் வருட ஊமைப்படம் 'ஹெடின் ஹோம்', ஹரோல்ட் லொயிட் நடித்து ரூத் ஒரு காட்சியில் தலைகாட்டும் 1928-இன் 'ஸ்பீடி' போன்றவற்றையும் தேடிப் பிடிக்கலாம். ஊமைப்படங்களைப் பார்க்கும்போது ஒன்று மனதில் இருக்கட்டும்: அமெரிக்க ஊமை முழுநீளப் படங்களில் ஏறத்தாழ 14 சதவீதம்தான் அசல் வடிவில் முழுமையாக மிஞ்சியிருக்கிறது என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மிஞ்சிய ஒன்றில் ரூத் தடி வீசுகிறார் என்றால் அதை ஒருதரம் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

பிறகு 1949-இன் 'த ஸ்ட்ராட்டன் ஸ்டோரி'. வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்து ஒரு காலை இழந்த மொன்டி ஸ்ட்ராட்டன், செயற்கைக் காலோடு மீண்டும் பந்து வீசிய உண்மைக் கதை, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்தது, கதைக்காக ஒஸ்கார் கிடைத்தது. எங்கள் மாவட்டத்தில் யுத்தத்தில் காலை இழந்தவர் இல்லாத தெரு குறைவு. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணன் ஒருவர், ஸ்டூவர்ட் நடக்கப் பழகும் காட்சி வந்ததும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார், முடியும்வரை எழும்பவில்லை. அந்தப் படத்தின் கார்ட் ஒன்றை நான் தேடி வாங்கியது அவருக்காகவும்தான்.

இப்படிப் பார்த்துக்கொண்டு போனால் உங்களுக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் சேர்க்கப் போகாதீர்கள். ஒரு வீரர், ஒரு மைதானம், அல்லது 1942 முதல் 1958 வரை போல ஒரு காலம், ஏதாவது ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள்.

லொபி கார்ட்டில் தொடங்குங்கள்

தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் படத்தின் காட்சிகளைக் குத்தி வைப்பார்களே, அதன் அமெரிக்க வடிவம்தான் லொபி கார்ட். தடித்த மட்டையில் அச்சிட்டது, 11-க்கு 14 அங்குலம், வழக்கமாக எட்டு கார்ட் ஒரு செட். முதல் கார்ட்டில் படத்தின் பெயரும் ஓவியமும் பெரிதாக இருக்கும், அதைத் தலைப்புக் கார்ட் என்பார்கள், சினிமாக் கூட்டம் அதைத்தான் துரத்தும். நான் மேலே சொன்ன நடு வழி இதுதான்: பெரிய நட்சத்திரத்தின் முகம் இல்லாத, ஆனால் ஆட்டமும் மைதானமும் தெளிவாகத் தெரியும் கார்ட்டைத் தேடுங்கள். பின்னணியில் நிற்கும் உண்மையான வீரரை விற்கிறவர் பல வேளை அடையாளம் காண்பதில்லை. படத்தைப் பார்த்த நீங்கள் காண்பீர்கள்.

அசலா என்று பார்ப்பது இப்படி. 1940-க்குப் பிறகு நெஷனல் ஸ்கிரீன் சேர்விஸ் என்ற நிறுவனம்தான் அமெரிக்காவில் பெரும்பாலான விளம்பரத் தாள்களைப் பரப்பியது. அதனால் கார்ட்டின் கீழ் விளிம்பில் அந்தப் பெயரும், '49/' அல்லது '50/' என்று வருடத்தில் தொடங்கும் ஓர் இலக்கமும் இருக்கும். வருடத்துக்கு முன்னால் ஆங்கில 'ஆர்' எழுத்து இருந்தால் அது மறுவெளியீட்டுக் கார்ட். மறுவெளியீடும் பழையதுதான், நல்லதுதான், ஆனால் முதல் வெளியீட்டு விலையைக் கொடுக்காதீர்கள். அடுத்தது உருப்பெருக்கிக் கண்ணாடி. அசல் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும், வீட்டுப் பிரிண்டரில் அடித்த நகலில் மை தெளித்ததுபோலச் சிதறிக் கிடக்கும். அளவையும் கேளுங்கள், 11-க்கு 17 என்று சொன்னால் அது பிற்காலப் பிரதி. போஸ்டர் என்றால் பழைய ஒற்றைத் தாள் 27-க்கு 41 அங்குலம், மடித்தே அனுப்பப்பட்டது, ஆகவே 1950-களின் போஸ்டரில் மடிப்பே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

குறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் உள்ள கார்ட் ஒன்றின் நாலு மூலையிலும் குண்டூசித் துளைகள் இருக்கின்றன. ஒரு மூலையில் மட்டும் மூன்று துளை, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. விளக்குக்கு நேரே பிடித்தால் அந்த மூன்றும் ஒரு கீறலாகத் தெரியும். மூன்று வெவ்வேறு தியேட்டரில் மூன்று பேர் அதே இடத்தில் குத்தியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். துளை பயன்பாட்டின் அடையாளம், விலையையும் குறைத்துத் தரும், வாங்குங்கள். வெட்டிய ஓரம், ஒட்டுநாடாப் பழுப்பு, பூஞ்சணப் புள்ளி, இந்த மூன்றும் இருந்தால் வேண்டாம். பூஞ்சணம் மற்றக் கார்ட்டுகளுக்கும் பரவும்.

பிலிம் ரீல் வாங்குகிறவர்களுக்கு

கார்ட்டோடு நின்றால் போதும் என்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். எனக்கு ரீல்தான் உயிர், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டில் வைத்திருக்கக்கூடியது 16 மில்லிமீட்டரும் 8 மில்லிமீட்டரும். கொடாக் 16-ஐ 1923-இலும், 8-ஐ 1932-இலும், சூப்பர் 8-ஐ 1965-இலும் கொண்டுவந்தது. இவை தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பிடிக்காத பிலிம். 35 மில்லிமீட்டர் பக்கம் போகாதீர்கள், 1950-களின் தொடக்கத்துக்கு முந்தியது நைட்ரேட்டாக இருக்கலாம், அது தானாகவே பற்றி எரியக்கூடியது, வீட்டில் வைக்கவும் கூடாது, தபாலில் வரவும் கூடாது.

தேட வேண்டியது என்ன? முழுப் படத்தின் 16 மில்லிமீட்டர்ப் பிரதி பாரமானது. ஒலியுள்ள பிலிம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும், 76 நிமிடப் படம் 2,700 அடிக்கு மேல், இரண்டு பெரிய ரீல். தபால் செலவே பயமுறுத்தும். அதைவிட, மேஜர் லீக்கின் வருடாந்த இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸின் சுருக்கப் படங்கள் நல்ல தொடக்கம். லூ ஃபொன்செகா என்ற முன்னாள் வீரர் 1943 முதல் இந்த வருடாந்தப் படங்களைத் தயாரித்தார், 16 மில்லிமீட்டரில் பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் இராணுவ முகாம்களுக்கும் இலவசமாக இரவல் கொடுத்தார்கள். அதில் நடிப்பே இல்லை, முழுக்க ஆட்டம். அதோடு, வீட்டில் காட்டுவதற்கென்று காசில் ஃபில்ம்ஸ் போன்ற கம்பெனிகள் விற்ற சின்ன 8 மில்லிமீட்டர் ரீல்களும் உண்டு, 50 அடியில் ஒன்று, 200 அடியில் ஒன்று என்று.

இனி என் முதல் ரீல். படத்தில் பெட்டி வடிவாக இருந்தது, விற்றவர் 'மிக நல்ல நிலை' என்று எழுதியிருந்தார். பொதி வந்து, மேசையில் வைத்து, டின் மூடியைத் திருகியதும் மூக்கில் ஏறியது வினாகிரி. அச்சாறு போத்தலைத் திறந்தது போலவே. எளிதில் தீப்பிடிக்காத அந்த அசிட்டேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளியே வரும், வெளியே வந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும், தொடங்கினால் நிற்காது. ஒரு முழம் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நகத்தளவு கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு அடிகாரர், முதலாவதில் தடி தோளில், பத்தாவதில் இடுப்புக்கு வந்திருந்தது, ஆனால் பிலிம் நேராக நிற்கவில்லை, ஓலைபோல அலையலையாகச் சுருண்டது. அந்த ரீலை நான் எந்த மெஷினிலும் போடவில்லை. கட்டம் கட்டமாகப் படம் பிடித்துவிட்டு, மற்ற ரீல்களிலிருந்து தள்ளித் தனியே வைத்திருக்கிறேன்.

ஆகவே காசு அனுப்ப முதல் விற்கிறவரிடம் கேட்க வேண்டியவை: வினாகிரி மணம் இருக்கிறதா, பிலிம் நெளிகிறதா, நிறப்படம் என்றால் சிவந்துவிட்டதா. பழைய ஈஸ்ட்மன்கலர்ப் பிரதிகள் நீலமும் பச்சையும் போய் இளஞ்சிவப்பாக மட்டும் மிஞ்சும், அதே காலத்து டெக்னிகலர்ச் சாயப் பிரதிகள் இன்றும் நிறம் மாறாமல் இருக்கும். விளிம்பில் உள்ள கொடாக் குறிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வட்டம், சதுரம், முக்கோணம் என்று வரும், அவை பிலிம் தயாரித்த வருடத்தைச் சொல்லும், ஆனால் பழைய குறிகள் 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் 1936-ஐயும் 1956-ஐயும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிலிம் ஓரத்து வரிசைத் துளை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒலியுள்ள பிரதி, இரு பக்கமும் இருந்தால் ஊமை.

பிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று நீங்களே அளக்கலாம். 16 மில்லிமீட்டர் பிலிமில் 100 கட்டம் எண்ணி, இழுக்காமல் தட்டையாக வைத்து அளவுநாடாவால் பாருங்கள். புதிதில் அது 76 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 75.4-க்குக் கீழே வந்துவிட்டால் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது என்று அர்த்தம், புரொஜெக்டரில் போட்டால் மெஷினின் பல் பிலிமின் துளையைக் கிழித்துவிடும்.

புரொஜெக்டர் பற்றி அவசரப்படாதீர்கள். அமெரிக்க மெஷின்கள் 110-120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தவை, நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமர் போட்டு வோல்ட்டைக் குறைக்கலாம், ஆனால் சில மோட்டார்கள் ஹெர்ட்ஸைப் பிடித்தே சுற்றுபவை, அவற்றில் செக்கனுக்கு 24 கட்டம் ஓட வேண்டியது 20 தான் ஓடும், ஜாக்கி ராபின்சன் தண்ணிக்குள் ஓடுவது போல இருக்கும். ஒரு வெளிச்சப் பலகை, கையால் சுற்றும் இரண்டு சுருளிகள், நல்ல கமெரா உள்ள போன், இவை இருந்தாலே முதல் இரண்டு வருடம் போகும்.

உப்புக் காற்றில் காப்பாற்றுவது

வெளிநாட்டுக் கையேடுகள் நமக்குச் சரிவராத இடம் இது. 21 பாகைச் சூடும் 50 சதவீத ஈரப்பதனும் உள்ள அறையில் புது அசிட்டேட் பிலிமுக்கு வினாகிரி வரத் தொடங்கச் சுமார் 40 வருடம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கல்லடியிலோ காத்தான்குடியிலோ கடற்கரைப் பக்க வீடு ஒன்றில் 21 பாகை எந்த மாதத்தில் வரும்? வாடைக் காலத்தில் ஈரப்பதன் 80-ஐத் தாண்டுவது சாதாரணம், 65-க்கு மேல் போனாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஆகவே ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி அலுமாரிக்குள் வையுங்கள், முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

மர அலுமாரியைவிட ஸ்டீல் அலுமாரி நல்லது, மரத்திலிருந்தும் அமில ஆவி வரும், கறையானும் வரும். வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டில் ஒன்றும் வேண்டாம். வெள்ளம் நம் ஊருக்கு விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன் மாதிரி வந்து போகும், மேல்மாடி இருந்தால் மேல்மாடியில் வையுங்கள்.

பழைய தகர டின்கள் உப்புக் காற்றில் கறள் பிடித்து, அந்தத் தூள் பிலிமில் ஒட்டும். காற்றுத் துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். அசிட்டேட் ரீலைச் சாதாரண அறைச் சூட்டில் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது, வெளியேற வேண்டிய அமிலம் உள்ளேயே தங்கிவிடும். கார்ட்டுகளுக்கு பொலிப்ரொபிலீன் உறையும் அமிலமில்லாத மட்டையும் போதும். கடையில் கிடைக்கும் மெல்லிய மணக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது வேர்த்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

சிலிக்கா ஜெல் பொதிகளை அலுமாரியில் வையுங்கள், நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். நீலம் இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் இருக்கிறது, அதைச் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், செம்மஞ்சள் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அரிசி மூட்டை கட்டி வைக்கச் சொல்வார்கள், தூசியும் வண்டும்தான் மிச்சம். நப்தலின் உருண்டையும் வேண்டாம், பிலிமுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அதன் ஆவி ஆகாது. தூசிக்கு நான் செய்வது, மருதமுனைக் கைத்தறித் துணி ஒன்றை நன்றாகத் துவைத்துக் காயவைத்துப் பெட்டிகளுக்கு மேல் போர்த்திவிடுவது, பிலிமில் துணி படாமல்.

மிக அருமையான ரீல் என்றால் குளிர்சாதனப் பெட்டி. காய்ந்த நாள் ஒன்றில், நன்றாகக் காய்ந்த மட்டைத் துண்டோடு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸிப் பைகளில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். குளிரில் சிதைவு மிக மெதுவாகிவிடும் என்பதால் இங்கே மட்டும் அடைத்து வைப்பது சரி. வெளியே எடுத்தால் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், அவசரப்பட்டுத் திறந்தால் பனித்துளி பிலிமில் இறங்கும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், மீன் பையோடு சேர்ந்து போய்விடக் கூடாது.

டீவீடீ, தபால், தேடுமிடம்

டீவீடீ பற்றி அதிகம் சொல்ல இல்லை. டிஸ்க்குகளை வலயம் வலயமாகப் பூட்டி விற்பார்கள், இலங்கை 5-ஆம் வலயம், அமெரிக்கா 1-ஆம் வலயம், ஆகவே எல்லா வலயமும் பாடும் பிளேயர் தேவை. ஓர்டர் கொடுத்தபிறகே வெற்று டிஸ்க்கில் பதிந்து தரும் டிஸ்க்குகளில் அரிய படங்கள் கிடைக்கும், ஆனால் அவை அச்சடித்த டிஸ்க்கைவிட நம் சூட்டில் சீக்கிரம் பழுதாகும், வந்தவுடன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

தபாலில் கார்ட்டை இரண்டு கெட்டி மட்டைக்கு நடுவில் பிளாஸ்டிக்கால் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள், சுருட்ட வேண்டாம். ரீல் என்றால் கப்பல் வழி வேண்டாம், கொள்கலனுக்குள் மாதக்கணக்கில் வெந்துவிடும். ஐப்பசி முதல் தை வரை நான் ஒன்றும் ஓர்டர் செய்வதில்லை, அந்த மழையில் பொதி எங்கே எவ்வளவு நேரம் நனைந்தது என்று யாருக்குத் தெரியும். கொழும்பில் சுங்கம் பார்க்கும் என்பதால் உண்மையான விலையையே எழுதச் சொல்லுங்கள், தபால் செலவையும் வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே பேரம் பேசுங்கள்.

ஊருக்குள்ளும் தேடுங்கள். 1940-களின் பிற்பகுதியிலிருந்து நியூ ஓர்லியன்ஸ் இயேசு சபைக் குருமார் மட்டக்களப்பில் பணி செய்தார்கள், புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துக்குப் பின்னால் அவர்களின் உழைப்பு இருக்கிறது. அந்தத் தலைமுறை மாணவர்களின் வீடுகளில் அமெரிக்கச் சஞ்சிகை, படத்தாள், ஏதாவது ஒரு பெட்டி இருக்கக்கூடும். வாசலில் நின்று விலை பேசாதீர்கள், இருந்து தேத்தண்ணி குடித்து, அவர்கள் காலத்து விளையாட்டைப் பற்றிக் கேளுங்கள். புளியந்தீவில் ஒரு வீட்டில் எனக்குக் கிடைத்தது 400 அடி கொள்ளும் ஒரு வெறும் டின்தான். ஆனால் அந்த ஐயா இரண்டு மணித்தியாலம் கதைத்தார், அதை அவர் சம்மதத்தோடு போனில் பதிந்து வைத்திருக்கிறேன், டின்னும் ஓடியோவும் ஒரே தட்டில் இருக்கின்றன.

நாலு பேருக்குக் காட்டுங்கள்

பொதுவுடைமை ஆன படத்தைத் தாராளமாகக் காட்டலாம். மற்றவற்றில் பிரதி கையில் இருப்பதால் பொது இடத்தில் காட்டும் உரிமை வந்துவிடாது, வீட்டு ஆட்களோடு வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் வெள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டினால் திரை, காற்று கடல் பக்கமிருந்து வருகிறதா என்று பார்த்து மறுபக்கம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழுப்படமும் பாய்மரம் மாதிரி ஊதிக்கொண்டிருக்கும். கார்ட்டுகளை உறையோடு மேசையில் பரப்பி வையுங்கள், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், உறை அதற்குத்தானே. தொடங்க முதல் விதியை ஐந்து நிமிடம் சொல்லிவிடுங்கள்: நாலு பேஸ் நம் எல்லேயின் தரிப்பிடம் மாதிரி, சுற்றி வந்தால் ஒரு ஓட்டம், மூன்று தரம் தவறவிட்டால் அவுட், ஆனால் ஓடுகிறவன் மேல் பந்தை எறியக் கூடாது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனைத் தொட வேண்டும். போன சித்திரைக்கு எங்கள் முற்றத்தில் இதை விளக்கியது மாமாதான். கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் அவருக்குச் சம்மதமில்லை. எறிந்து அடிப்பதுதான் விளையாட்டு என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.